ஓர் இரும்புக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும்? தொட்டில் கட்டும் முன் ஒரு சின்னக் கணக்கு

போன மாதம் சித்தியவானிலிருந்து என் பெரியம்மா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வீட்டு அஞ்சடியில் இரண்டு தூண்கள். அவற்றுக்கு நடுவே வில் மாதிரி வளைந்துபோன ஓர் இரும்புக் கம்பி. படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "அக்கா, இதையே நிமித்திப் போட்டு பாப்பாவுக்குத் தொட்டில் கட்டலாமா? தாங்குமா?"

அந்தக் கம்பியின் கதை எனக்குத் தெரியும். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் ஜிம் எல்லாம் மூடிட்டாங்க. தம்பிக்குச் சும்மா இருக்க முடியலை. பக்கத்து வீட்டு ரெனவேஷனில் மிஞ்சிக் கிடந்த 12 மில்லிமீட்டர் கம்பியைத் தூணுக்குத் தூண் வைத்து புல்-அப் எடுக்கக் கிளம்பினான். அவனுக்கு எடை 82 கிலோ. மூன்றாவது தடவை அவன் மேலே போக, கம்பி கீழே வந்தது. ஒரு வாரம் முதுகுவலி. அப்போ நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். இப்போ அதே இடத்தில் மூன்று மாதக் குழந்தை தூங்கப்போகிறது. சிரிப்பு வரலை.

"இரும்புதானே, எப்படி வளையும்?" என்று பெரியம்மா இன்னும் கேட்கிறார். நான் படித்தது மாஸ் காம், என்ஜினியரிங் இல்லை. ஆனால் எஸ்.பி.எம். பௌதிகமும் போன்ல இருக்கிற கால்குலேட்டரும் இருந்தால் போதும், இதைக் கிட்டத்தட்ட கணக்குப் போட்டுவிடலாம். நீங்களும் போடலாம்.

கம்பியில் என்ன இருக்கிறது?

ஹார்ட்வேர் கடையில் "ஒய் 12" என்று கேட்டால் வரி வரியாக முண்டு வைத்த 12 மில்லிமீட்டர் கம்பி கிடைக்கும். கான்கிரீட்டுக்குள்ளே போடுவது அதுதான். மலேசியாவில் இதற்கான தர நிர்ணயம் எம்.எஸ். 146. இன்று அந்தத் தரத்தில் வரும் கம்பியின் வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன்.

500 நியூட்டன் என்றால் சுமார் 51 கிலோ எடை. ஒரு சதுர மில்லிமீட்டர் என்பது பேனாவால் வைக்கிற ஒரு புள்ளி அளவு. அந்தப் புள்ளி அளவு எஃகில் ஓர் ஆளே தொங்கலாம். அதைத் தாண்டினால் கம்பி உடனே அறுந்துவிடாது. ஆனால் இழுபட்டது பழைய நிலைக்குத் திரும்பாது. இந்தக் கட்டுரையில் "தாங்கும்" என்று நான் சொல்வதெல்லாம் அந்த எல்லை வரைக்கும்தான்.

வாங்கிய கம்பி உண்மையிலேயே 12 மில்லிமீட்டர்தானா என்று சந்தேகமா? கட்டுமானத் தளத்தில் பயன்படுத்துகிற ஒரு குறுக்கு வழி இருக்கிறது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ இருக்கணும் என்று வரும். 12 × 12 ÷ 162 = 0.89 கிலோ. ஒரு மீட்டர் துண்டு வெட்டி எடை போடுங்க. ரொம்பக் குறைவாக இருந்தால் கடைக்காரரிடம் பேசவேண்டியதுதான்.

தொங்கினால், நின்றால், படுத்தால்

இப்போ அந்த 12 மில்லிமீட்டர் கம்பியில் 1.2 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்வோம். தம்பி வீட்டுத் தூண்களுக்கு இடையே உள்ள தூரம் அதுதான். "இது எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. மூன்று பதில் இருக்கிறது.

முதலில், கம்பியை நேராக மேலிருந்து தொங்கவிட்டு அதன் நுனியில் பாரத்தைக் கட்டுவோம். குறுக்கு வெட்டுப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர். அதை 500-ஆல் பெருக்கினால் 56,500 நியூட்டன். அதாவது 5.7 டன். ஐந்து பெரோடுவா மைவி கார்களை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. நம்ப முடியலை, இல்லையா? கட்டைவிரலை விட மெலிசான கம்பி அது.

அதே கம்பியைச் செங்குத்தாக நிற்கவைத்து உச்சியில் பாரத்தை ஏற்றினால்? எஃகு நசுங்குவதற்கு ரொம்ப முன்பே கம்பி பக்கவாட்டில் நெளிந்து ஓடிவிடும். பிளாஸ்டிக் ரூலரை மேசையில் நிறுத்தி மேலே அழுத்திப் பாருங்க, புரியும். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை கண்டுபிடித்த சூத்திரப்படி பார்த்தால், 1.2 மீட்டர் கம்பிக்கு அந்த எல்லை சுமார் 140 கிலோ. இங்கே எஃகின் வலிமை முக்கியமே இல்லை. நீளமும் தடிமனும்தான் முடிவு செய்யும்.

மூன்றாவது, தம்பி செய்தது. கம்பியைப் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்து, நடுவில் பாரம். இதற்குக் கணக்கு இப்படி: விட்டத்தை மூன்று தடவை பெருக்குங்கள், 12 × 12 × 12 = 1,728. அதை 10.2-ஆல் வகுங்கள், 169 வரும். 500-ஆல் பெருக்கி, மறுபடி 4-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள நீளத்தால், அதாவது 1,200-ஆல் வகுத்தால் 282 நியூட்டன்.

வெறும் 29 கிலோ.

ஒரே கம்பி. தொங்கும்போது 5.7 டன், நிற்கும்போது 140 கிலோ, படுக்கும்போது 29 கிலோ. முதலாவதுக்கும் கடைசிக்கும் 200 மடங்கு வித்தியாசம். தம்பி இரண்டு கையையும் அகல வைத்துப் பிடித்ததால் பாரம் கொஞ்சம் பிரிந்திருக்கும். அப்படிப் பார்த்தாலும் 50 கிலோவுக்கு மேல் போகாது. ஆள் 82 கிலோ, அதிலும் குதித்துக் குதித்து ஏறியிருக்கிறான்.

ஏன் இவ்வளவு மோசம்? ஸ்பேனரை நினைத்துப் பாருங்க. இறுகிப்போன நட்டை வெறும் கையால் கழற்ற முடியாது. நீளமான ஸ்பேனர் போட்டால் சுலபமாகக் கழலும். படுத்திருக்கும் கம்பியின் நடுவில் நீங்கள் தொங்கும்போது, நடுவிலிருந்து தூண் வரைக்கும் உள்ள 60 சென்டிமீட்டரும் ஸ்பேனர் கைப்பிடி மாதிரி வேலை செய்கிறது. அதை எதிர்த்து நிற்க கம்பிக்கு உள்ளே இருப்பது 12 மில்லிமீட்டர் உயரம்தான். மேல் பாதி நசுங்குகிறது, கீழ் பாதி இழுபடுகிறது, நடுவில் இருக்கும் எஃகு கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. தொங்கும்போது கம்பி முழுக்கச் சேர்ந்து வேலை செய்யும். படுக்கும்போது மேல் ஓரமும் கீழ் ஓரமும் மட்டும்தான் உண்மையில் உழைக்கும்.

இன்னொன்று. கான்கிரீட் உத்திரத்துக்குள் முக்கியக் கம்பிகளை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நடுப்பகுதியில் கீழ்ப்பக்கம். அங்கேதான் இழுவிசை. நசுங்கும் வேலையைக் கான்கிரீட் பார்த்துக்கொள்ளும், இழுபடும் வேலைக்குக் கம்பி. ஒய் 12 பிறந்ததே இழுபடுவதற்குத்தான். அதைத் தனியாகப் படுக்கவைத்து ஆளைத் தொங்கவிட்டால், மீனை மரம் ஏறச் சொன்ன கதை.

அப்புறம் பாலமெல்லாம் எப்படி நிற்கிறது?

நியாயமான கேள்வி. பதில் பேராக்கிலேயே இருக்கிறது. கோலகங்சார் பக்கம் காராயில், பேராக் ஆற்றின் மேல் விக்டோரியா பாலம். 1900-ல் திறந்த ரயில் பாலம் அது. இப்போ ரயில்கள் பக்கத்தில் உள்ள புதுப் பாலத்தில் போகின்றன, பழைய பாலத்தில் மக்கள் நடந்து போய்ப் படம் எடுக்கிறார்கள். நீங்களும் அங்கே செல்ஃபி எடுத்திருக்கலாம்.

அடுத்த தடவை போகும்போது பக்கவாட்டில் உள்ள எஃகுத் துண்டுகளைப் பாருங்கள். எல்லாம் முக்கோணம் முக்கோணமாக இருக்கும். ரயிலின் பாரம் அந்த முக்கோணங்களுக்குள் போனதும், ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் இழுபடும், இல்லாவிட்டால் அழுத்தப்படும். வளையும் வேலை ரொம்பக் குறைவு. கம்பிக்கு எது பலவீனமோ அந்த வேலையை அதற்குக் கொடுக்காமல் இருப்பதுதான் அந்தக் காலத்து என்ஜினியர்கள் செய்த சாமர்த்தியம். தோட்டத்தில் புகைக்கூண்டு, பால் கொட்டாய் கூரைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், மரத்திலும் இதே முக்கோணம் இருந்திருக்கும்.

சரி, தம்பி வீட்டு அஞ்சடியில் ரயில் பாலம் கட்ட முடியாது. வேறு வழி இருக்கிறது.

உள்ளே காலியாக இருந்தால் பலம் கூடுமா?

கூடும். படுத்திருக்கும் கம்பியின் நடுப்பகுதி சும்மா இருக்கிறது என்று பார்த்தோம் இல்லையா? அந்த எஃகை எடுத்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டால்? அதுதான் பைப்.

தண்ணீர்க் குழாயாக விற்கும் ஒரு இன்ச் ஜி.ஐ. பைப்பில், நடுத்தரத் தடிமன் உள்ளதற்கு வெளி விட்டம் 33.7 மில்லிமீட்டர், சுவர் 3.2 மில்லிமீட்டர். அதே அளவு எஃகை உருக்கி நிறைகம்பி ஆக்கினால் விட்டம் 20 மில்லிமீட்டர்தான் வரும். இரண்டுக்கும் ஒரே எடை. ஆனால் படுக்கவைத்தால் பைப் 2.7 மடங்கு அதிகம் தாங்கும், 4 மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்கும். 1638-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் கலிலியோவே நாணலையும் பறவை எலும்பையும் காட்டி இதைச் சொல்லியிருக்கிறார். மூங்கில் பார்த்த நமக்கு இது புதுசே இல்லை.

தண்ணீர்க் குழாய் எஃகு கம்பி எஃகைப் போல அவ்வளவு வலிமையானது அல்ல. சதுர மில்லிமீட்டருக்கு 195 நியூட்டன் என்றுதான் கணக்கில் எடுக்கணும். அப்படியும் 1.2 மீட்டர் இடைவெளியில் ஒரு இன்ச் பைப் நடுவில் 140 கிலோ வரை தாங்கும். அடுத்த சைஸ், ஒன்றேகால் இன்ச், 42.4 மில்லிமீட்டர் வெளி விட்டம், அதே சுவர்த் தடிமன்: 238 கிலோ. எஃகின் எடை 29 சதவீதம்தான் கூடியது, பலமோ கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடிவிட்டது. காசைக் கொஞ்சம் கூடப் போடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "ஒரு இன்ச்" என்ற பெயரிலேயே 1 மில்லிமீட்டர் சுவர் உள்ள மெல்லிய குழாயும் விற்கிறது. துணி காயப்போட அது போதும். பிள்ளையைத் தொங்கவிட வேண்டாம்.

நீளம் கூடினால் என்ன ஆகும்? இடைவெளி இரண்டு மடங்கானால் தாங்கும் பாரம் பாதியாகும். ஆனால் அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்காகிவிடும். அகலமான ஹாலில் நீளமான பைப் போட்டு ஊஞ்சல் கட்ட நினைப்பவர்கள் இதை ரெண்டு தடவை படிக்கவும்.

குழந்தைக்கு எவ்வளவு கணக்கு வைக்கணும்?

இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறோம். "பாப்பா ஆறு கிலோதானே!" என்பான் தம்பி. பாப்பா வளரும். தொட்டில் விடும் வயதில் 12 கிலோ என்று வைப்போம். ஸ்பிரிங், சட்டம், சேலை எல்லாம் சேர்த்து 5 கிலோ. அத்தோடு முடிந்ததா? வீட்டில் ஏழு வயது அண்ணன் ஒருத்தன் இருக்கிறான், 25 கிலோ. யாரும் பார்க்காதபோது அவன் ஏறிப் படுப்பான். ஏறமாட்டான் என்று சொல்கிறவர்கள் ஏழு வயதுப் பையனோடு இருந்ததே இல்லை. ஆக, 42 கிலோ.

அதோடு ஆட்டம். அசையாமல் தொங்கும் பாரமும் ஆடும் பாரமும் ஒன்றல்ல. ஊஞ்சலை 60 டிகிரி வரை இழுத்து விட்டால், கீழே வரும் நொடியில் கயிற்றில் விழும் இழுவை உட்கார்ந்திருப்பவர் எடையைப் போல் சரியாக இரண்டு மடங்கு. பாரத்தைத் திடீரென்று விட்டாலும் அதே இரண்டு மடங்குதான் வரும். ஆகவே 42 கிலோவை 84 கிலோ என்று எடுத்துக்கொள்கிறோம்.

பைப் பக்கம் வருவோம். கணக்கில் வந்த எண்ணில் பாதியை மட்டும் நம்புங்கள். பைப் சுவர் ஒரு பக்கம் மெலிசாக இருக்கலாம், வெல்டிங் சரியில்லாமல் இருக்கலாம், நமக்குத் தெரியாதது எவ்வளவோ. பாரம் தூக்கும் தொழிலில் சங்கிலிக்கு நாலில் ஒரு பங்கு, கம்பிவடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று இன்னும் கறாராக வைப்பார்கள். நாம் பாதி வைத்தால், ஒரு இன்ச் பைப்புக்கு 70 கிலோ, போதாது. ஒன்றேகால் இன்ச்சுக்கு 119 கிலோ, போதும். தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

பழைய கம்பியை நிமிர்த்துவது? வேண்டவே வேண்டாம். ஒரு தடவை நிரந்தரமாக வளைந்த இடத்தை மறுபடி அடித்து நிமிர்த்தினால் மயிரிழை வெடிப்பு விழலாம், கண்ணுக்குத் தெரியாது.

கம்பி பிடித்தது, நட்டு விட்டது

இதுவரை கம்பியைப் பற்றியே பேசினோம். உண்மையில் விபத்துகள் பல நேரம் கம்பியில் நடப்பதில்லை, கம்பி போய் முடியும் இடத்தில் நடக்கின்றன.

1981 ஜூலை 17. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். உள் முற்றத்தில் நான்காம் மாடி நடைபாதையும், அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாதையும் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. மாலையில் நடன நிகழ்ச்சி, நல்ல கூட்டம். இரண்டு நடைபாதைகளும் கீழே விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

கம்பிகள் அறுந்ததால் அல்ல. முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து கீழ் நடைபாதை வரை ஒரே நீளக் கம்பி இருந்தது. கட்டும்போது வேலை சுலபமாக இருக்கட்டும் என்று அதை இரண்டாக்கினார்கள்: கூரையிலிருந்து மேல் நடைபாதைக்கு ஒரு கம்பி, மேல் நடைபாதையிலிருந்து கீழ் நடைபாதைக்கு இன்னொன்று. சின்ன மாற்றம் மாதிரி தெரிகிறது, இல்லையா? ஒரே கயிற்றில் இரண்டு தொட்டில் கட்டுவதாக நினையுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கயிற்றில் முடிந்தால், ஒவ்வொரு முடிச்சும் ஒரு பிள்ளையைத்தான் தாங்கும். கீழ்த் தொட்டிலை மேல் தொட்டிலின் அடியில் கட்டிவிட்டால்? கயிற்றுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் மேல் முடிச்சு இரண்டு பிள்ளையைத் தாங்கணும். ஹயாட்டில் மேல் நடைபாதையின் உத்திரத்துக்கு அடியில் இருந்த நட்டுக்கு நடந்தது அதுதான். பாரம் இரண்டு மடங்காகி, நட்டு உத்திரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. முதல் வடிவமைப்பே அந்த நகரச் சட்டம் கேட்ட பலத்தில் 60 சதவீதம்தான் என்று விசாரணையில் தெரிந்தது இன்னொரு கொடுமை.

நம் வீட்டுக் கணக்கில் அந்த நட்டு எது? சுவரில் போகும் ஸ்குரூ. செங்கல் சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து முறுக்கிய ஸ்குரூவை பாரம் வெளியே இழுக்கிற மாதிரி அமைக்காதீர்கள். தூணில் பிராக்கெட் அடித்து, பைப் அதன் மேல் உட்கார்ந்திருக்கணும். அப்போ பாரம் கீழ்நோக்கித் தூணுக்குள் போகும். பைப் உருண்டோ நழுவியோ வெளியே வராமல் இரண்டு முனையிலும் தடுப்பு வேண்டும். கதவு நிலையில் முறுக்கி இறுக்குகிற புல்-அப் பார் இருக்கிறதே, அது வெறும் உராய்வை நம்பி நிற்கிறது. அதில் தொட்டில் கட்டுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பைப்பின் நடுவில் கொக்கி மாட்டத் துளை போடவும் கூடாது. ஆக அதிகம் உழைக்கும் இடமே அதுதான். சங்கிலியையோ பெல்ட்டையோ சுற்றிக் கட்டுங்கள்.

அப்புறம் துரு. சித்தியவானில் இது பெரிய விஷயம். லூமுட்டும் தெலுக் பாத்திக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன, காற்றில் உப்பு. 12 மில்லிமீட்டர் கம்பியில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் துரு தின்றால் விட்டம் 10 ஆகும். பார்க்கச் சின்ன நஷ்டம்தான். ஆனால் படுத்துத் தாங்கும் பலத்தில் 42 சதவீதம் போய்விடும், மூன்று தடவை பெருக்கும் கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஜி.ஐ. பைப்புக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. வெட்டிய இடத்திலும் வெல்டிங் வைத்த இடத்திலும் அது போய்விடும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். (அதே கடற்கரையில், தெலுக் ருபியாவில், பிரேசிலிலிருந்து இரும்புத் தாது 2014 முதல் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. ஒரு பக்கம் இரும்பு வருது, இன்னொரு பக்கம் உப்புக் காற்று அதைத் தின்னுது.)

மேல்மாடி, கூரை, கார் தூக்கும் சட்டம், கடை போர்டு மாதிரி விஷயங்களுக்கு இந்தக் கட்டுரையைக் காட்டி வேலை செய்யாதீங்க. அதற்கு மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற ஒருவர் கையெழுத்துப் போடணும்.

கடைசியில் தம்பி என்ன செய்தான்?

ஒன்றேகால் இன்ச் பைப் வாங்கினான். கேலிப்பர் வைத்துச் சுவர்த் தடிமனை அளந்து படம் அனுப்பினான். மாட்டிய பிறகு நான் ஒரு சோதனை சொன்னேன். 18 லிட்டர் பெயிண்ட் வாளி ஐந்தில் தண்ணீர் நிரப்பி, சங்கிலியில் கோத்து நடுவில் தொங்கவிடணும். மொத்தம் 90 கிலோ. தூணுக்குத் தூண் நூல் கட்டிப் பார்த்தால் பைப் நடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கணும், ராத்திரி முழுக்க அப்படியே இருக்கணும், வாளியை எடுத்ததும் நூலோடு மறுபடி ஒட்டணும். ஒட்டாவிட்டால் பைப் எல்லையைத் தாண்டிவிட்டது, இல்லை பிராக்கெட் அசைந்துவிட்டது என்று அர்த்தம்.

காலையில் மெசேஜ் வந்தது: "நூல் ஒட்டிருச்சு அக்கா." அன்று மத்தியானம் பெரியம்மா தன் பழைய சேலை ஒன்றை எடுத்துக் கட்டினார். வளைந்த ஒய் 12 இப்போ வீட்டுக்குப் பின்னால் மண்ணில் ஊன்றி நிற்கிறது, பாகற்காய்க் கொடிக்கு.